ஐந்தாவது பைட்

தொட்டால் உதிரும் பழைய சிற்றிதழ்களை மின்வருடிச் சேவையகத்திற்கு அனுப்ப, சி மொழியில் நிரலொன்று எழுதினோம். லிப்கர்ல் என்னும் நிரல்தொகுப்பு இதை எளிதில் முடித்துத்தரும். ஆயினும் எச்டிடிபியின் பலபகுதிப் படிவத்தைக் கையாலேயே கட்டிப் பார்க்க எங்களுக்கு ஆசை.

1995இல் ஆர்எஃப்சி 1867 வகுத்த முறை அது. இதழின் பெயர், ஆண்டு, படம் என ஒவ்வொரு பகுதிக்கும் முன்னே ஓர் எல்லைச்சரம். அச்சரம் உள்ளடக்கத்தில் எங்கும் வரலாகாது.

சிக்கல் வேறிடத்தில். பூச்சிய பைட்டைக் கண்டதும் சரம் முடிந்ததென்று கொள்வது சி மொழியின் மரபு. ஜேபெக் கோப்புகளிலோ பெரும்பாலும் ஐந்தாவது பைட்டே பூச்சியம். நீளம் அளக்கும் ஸ்ட்ர்லென்னைக் கேட்டால் நான்கு என்னும். சேவையகமும் அந்நான்கை வாங்கிக்கொண்டு 200, அதாவது நலம், என்று விடைபகரும். ஆகவே கோப்பின் நீளத்தைத் தனியே எண்ணிவைத்து, மறுமுனையில் சேர்ந்த அளவோடு ஒப்பிட்ட பின்னரே எங்கள் பிரதியை அழிக்கிறோம். அத்தாள்கள் இன்னொரு முறை வருடியின் கண்ணாடியைத் தாங்கமாட்டா.