அக்டோபரில் பூட்டிய பெட்டி

அதை வழக்கு என்று சொல்வதே கொஞ்சம் மிகை. மனுதாரர் ஒருவர், எதிர்த்தரப்பில் அரசு வழக்கறிஞர் ஒருவர், நடுவில் நீதிபதி. தேநீர் ஆறுவதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. நியூயார்க்கில் நான் ஜெயித்த பல வழக்குகள் மறந்துபோயின. 2016 ஏப்ரல் 19 அன்று தோற்ற இதை மட்டும் இன்னும் வரி வரியாகச் சொல்ல முடியும்.

அன்று மாநிலத்தில் அதிபர் பிரைமரி. நவம்பரில் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதை வாக்காளர்களே வாக்குச்சாவடிக்குப் போய் முடிவு செய்யும் முன்தேர்தல். ஒரு பக்கம் ஹிலாரி கிளின்டனும் பெர்னி சாண்டர்ஸும், மறுபக்கம் டிரம்ப், க்ரூஸ், கேசிக். இதில் யாருக்கு வாக்கு உண்டு என்று கேட்டால் எந்த மாநிலம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். டெக்சாஸில் வாக்காளர் பதிவில் கட்சிக்கே இடம் கிடையாது. இரண்டில் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கலாம், இரண்டையும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். நியூயார்க்கிலோ அந்தந்தக் கட்சியில் பதிந்தவருக்கு மட்டுமே அந்தக் கட்சியின் சீட்டு. பதிவதற்குச் சந்தா இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. அரசின் வாக்காளர் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் முடிந்தது. பட்டியலைப் பராமரிப்பதும் அரசுதான். வாக்குச்சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் முறையீட்டைக் கேட்க அன்றைக்கென்றே நீதிபதிகள் அமர்வார்கள். அப்படி ஓர் அறையில், கட்டணம் வாங்காமல் உதவ வந்த வழக்கறிஞர்களில் ஒருவனாக நான் இருந்தேன்.

என்னிடம் வந்தவர் கயானாவில் பிறந்து, இங்கே குடியுரிமை பெற்று, ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த பேருந்து ஓட்டுநர். கட்சியின் பெயரால் அறுபதுகளில் அங்கே நடந்த கலவரங்களைச் சிறுவனாகப் பார்த்தவர். அதனால் குடியுரிமை வாங்கிய கையோடு படிவம் நிரப்பியபோது, 'எந்தக் கட்சியிலும் சேர விரும்பவில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு நவம்பர் தேர்தலையும் விட்டதில்லை. கூடவே பதினெட்டு வயது மகன். அவன் சட்டையில் 'வாக்களித்தேன்' என்ற ஒட்டுவில்லை இருந்தது. அப்பா சட்டையில் இல்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சட்டத்தின் ஒரு பிரிவு. ஏற்கெனவே பதிந்திருப்பவர் கட்சியை மாற்றவோ புதிதாகச் சேரவோ விரும்பினால், முந்தைய நவம்பர் தேர்தலுக்கு இருபத்தைந்து நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிந்தி வரும் விண்ணப்பங்கள் ஒரு பெட்டியில் போட்டு முத்திரையிடப்படும். அடுத்த நவம்பர் தேர்தல் முடிந்த பிறகே பெட்டி திறக்கும். அந்த ஆண்டுக் கணக்கில் கடைசி நாள் 2015 அக்டோபர் 9. ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் முதன்முதலாக ஒரே மேடையில் விவாதித்ததே அக்டோபர் 13-ல்தான். முதல்முறை பதிகிறவருக்கோ 2016 மார்ச் 25 வரை அவகாசம் இருந்தது. மகன் மார்ச்சில் பதிந்தான், வாக்களித்தான். ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வாக்களித்து வந்த அப்பாவுக்கு, ஏற்கெனவே பதிந்திருந்த ஒரே காரணத்தால் கதவு அடைபட்டது.

நான் இதைத்தான் வாதமாக வைத்தேன். மகனைவிடத் தகப்பனை நம்பத்தகாதவர் என்று சட்டம் கருத என்ன ஆதாரம்? நீதிபதி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஓட்டுநரைப் பார்த்து, "ஐயா, உங்கள் படிவத்தை யாராவது தவறாகப் பதிந்துவிட்டார்களா?" என்று கேட்டார். எழுத்துப் பிழையோ அலுவலகத் தவறோ இருந்தால் திருத்தச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் நீட்டியது ஒரு கயிறு என்பது எனக்குப் புரிந்தது. ஓட்டுநர் அதைப் பிடிக்கவில்லை. "இல்லை அம்மா, நான்தான் அப்படிக் குறியிட்டேன். ஆனால் இந்தத் தேர்தல் என் வரிப்பணத்தில்தானே நடக்கிறது?" என்றார். உண்மை சொல்லும் கட்சிக்காரரை வைத்துக்கொண்டு வழக்கறிஞர் என்ன செய்வது! மனு தள்ளுபடி.

நீதிபதியின் கையைக் கட்டியது 1973-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அன்றைய ஆளுநர் ராக்கஃபெல்லரை எதிர்த்து வாக்காளர்கள் போட்ட வழக்கு, இதே நியூயார்க் விதி. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் விதி பிழைத்தது. காலக்கெடு தெரிந்திருந்தும் பதியாமல் விட்டது அவர்கள் பிழை, அரசு யாருடைய வாக்கையும் பறிக்கவில்லை என்றார் நீதிபதி ஸ்டூவர்ட். எட்டு மாதத்துக்கு முன்பே ஒருவர் எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கச் சொல்வது அரசியலின் போக்கையே அறியாத விதி என்ற தொனியில் மாறுபட்டவர் நீதிபதி பவல். அதே ஆண்டு நவம்பரில், ஒரு கட்சியின் பிரைமரியில் வாக்களித்தவர் இருபத்து மூன்று மாதம் வேறு கட்சிப் பிரைமரிக்கு வரக் கூடாது என்ற இலினாய்ஸ் விதியை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. அதை எழுதியவரும் ஸ்டூவர்ட்தான். எட்டு மாதம் பொறுக்கலாம், இருபத்து மூன்று கூடாது. நடுவில் கோடு எங்கே என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

விதியின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. எதிர்க்கட்சிக்காரர் கும்பலாக வந்து பலவீனமான வேட்பாளரைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டுப் போனால், அந்தக் கட்சிக்கு என்ன பாதுகாப்பு? யாரைக் கூட்டுச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் உரிமை கட்சிக்கு உண்டு என்பதை நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அப்படிச் சதி செய்கிறவன் காலண்டரைப் பார்த்து அக்டோபருக்கு முன்பே படிவத்தைக் கொடுத்துவிடுவானே! சிக்குகிறவர்கள் தேர்தல் சூடு பிடித்த பிறகு ஆர்வம் வந்த சாதாரண மனிதர்கள்தான். டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும்கூடக் கெடுவைத் தவறவிட்டு, அன்று தகப்பனுக்கு வாக்களிக்க முடியாமல் போனார்கள்.

என் கட்சிக்காரர் அன்றே கட்சியில் சேரும் படிவம் கொடுத்தார். அது பெட்டிக்குள் போய், கிளின்டன் வேட்பாளராகி, நவம்பரில் தோற்ற பிறகு வெளியே வந்தது. 2019-ல் சட்டமன்றம் இரங்கி, கெடுவைப் பிரைமரி நடக்கும் ஆண்டின் பிப்ரவரி 14-க்குத் தள்ளியது. 2020-ல் அவருக்கு வாக்கு இருந்தது. ஏப்ரல் 28-ல் நடக்கவேண்டிய பிரைமரிதான் நோய்த்தொற்றால் ஜூன் 23-க்குப் போயிற்று. சாண்டர்ஸ் விலகிவிட்டார், இனி எதற்கு என்று மாநிலத் தேர்தல் ஆணையர்கள் அதை ரத்தே செய்தார்கள். மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டு நடத்தச் சொன்னது. ஓட்டுநர் வாக்களித்தார். பைடன்தான் வேட்பாளர் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்துபோயிருந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் அவரிடமிருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் படித்துக்கொண்டிருந்த மகன் அங்கேயே வாக்காளராகி, கட்சி சாராதவனாகப் பதிந்து, பிரைமரி அன்று ஜனநாயகக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கி வாக்களித்துவிட்டு, வெளியே வருமுன் பக்கத்து மேசையில் ஒரு கையெழுத்துப் போட்டு மறுபடியும் கட்சி சாராதவனாகிவிட்டானாம். பையன் ஏதாவது குற்றம் செய்துவிட்டானோ என்று அவருக்குக் கவலை. அந்த மாநிலத்தில் அது முழுக்கச் சட்டப்படியானது என்றேன். நம்பவில்லை, சட்டப் பிரிவை எழுதி அனுப்பச் சொன்னார்.