வான்குடையும் காற்றுத்தடையும்



கனமான பொருள்தான் எப்பொழுதும் விரைவாக விழும் என்பது பெரும்பாலான மாணவர்களின் நம்பிக்கை. நான்காம் ஆண்டு வகுப்பில் இதனை நான் மறுத்துப் பேசவில்லை. ஒரே அளவுள்ள இரு தாள்களுள் ஒன்றை மட்டும் கசக்கி உருண்டையாக்கி, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து விடச் சொன்னேன். எடை ஒன்றே, ஆயினும் உருண்டை முந்தியது. விரிந்த தாளைத் தாமதப்படுத்தியது காற்று என்பதை அவர்களே உணர்ந்தனர். 1971ஆம் ஆண்டில் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒருசேர விட்டபோது, இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன என்ற செய்தியையும் கூறினேன்.

அடுத்து, பாராசூட் எனப்படும் வான்குடையைச் செய்தோம். ஞெகிழிப் பையை 20 செ.மீ., 40 செ.மீ. பக்கமுள்ள சதுரங்களாக வெட்டினோம். நான்கு மூலைகளிலும் 30 செ.மீ. நூல் கட்டி, ஒரே எடையுள்ள களிமண் உருண்டைகளைத் தொங்கவிட்டோம். நூலின் நீளம், எடை, விடும் உயரம் ஆகியவை மாறக்கூடாது. குடையின் அளவு மட்டுமே மாறலாம். ஒவ்வொன்றையும் மும்முறை விட்டு நேரத்தைக் குறித்தனர். பெரிய குடையே தாமதமாக இறங்கியது. பக்கம் இருமடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகும் என்பதைக் கட்டம் வரைந்து கண்டபோது, கணிதமும் உடன் வந்து சேர்ந்தது.

ஒரு மாணவன் தன் பயிற்சித் தாளில், "பெரிய குடை நிறையக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். அதனால்தான் மெதுவாக வருகிறது" என்று எழுதியிருந்தான். 'காற்றுத்தடை' என்னும் சொல் அதில் இல்லை. விடைப்பட்டியலை மட்டும் பார்த்துத் திருத்தினால் அவனுக்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனால், அச்சொல்லை மனனம் செய்து எழுதிய பலரைவிட அவனே பொருளை அறிந்தவன். முழு மதிப்பெண் தந்து, "நீ கூறியதன் பெயர்தான் காற்றுத்தடை" என்று கீழே எழுதினேன். பொருள் முன்னே வந்தால் கலைச்சொல் தானே மனத்தில் நிற்கும். சொல் மட்டும் முன்னே வந்தால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும்.

ஆசிரியர்களே, மாணவர்கள் சோதித்துப் பார்க்கும்வரை விடையைக் கூறாது பொறுத்திருங்கள். பெற்றோர்களே, பிள்ளை வீட்டில் செய்யும் வான்குடை கோணலாக இருப்பின் திருத்திக் கொடுக்காதீர்கள். அது ஏன் சாய்ந்து விழுந்தது என்று மட்டும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை அறிவியல் கற்கத் தொடங்கிவிட்டது.