பேனாவைக் கொத்திய பறவை

பி.காம். படித்தவனுக்கு வட்டிக் கணக்கு தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். அதுதான் வினையே!

2011. நான் காலேஜை விட்டு வெளியே வந்த புதுசு. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் மெஷினோடு மல்லுக்கட்டிய அப்பா ரிடையர் ஆகி, பி.எஃப். பணம் கைக்கு வந்திருந்தது. டி.வி.யைப் போட்டால் ஈமு கோழி விளம்பரம். ஒன்றரை லட்சம் கட்டினால் மாசம் ஏழாயிரம். வருஷக் கடைசியில் போனஸ் இருபதாயிரம். கால்குலேட்டரைத் தட்டினேன். வருஷத்துக்கு ஒரு லட்சத்து நாலாயிரம்! பாங்க்கில் போட்டால் பதினைந்தாயிரம் தேறாது. ‘எந்த வியாபாரத்தில் இவ்வளவு வரும்?’ என்று அஞ்சாங்கிளாஸ் பையன்கூடக் கேட்டிருப்பான். நான் பட்டதாரி, கேட்கவில்லை. “போடுங்கப்பா” என்றேன்.

குடும்பத்தோடு பண்ணைக்குப் போனோம். ஆறடி உயரம், நெட்டைக் கால், பேருக்கு இறக்கை. “ஒட்டகத்துக்கு இறகு முளைச்ச மாதிரி இருக்கே!” என்றாள் அம்மா. அது நேராக வந்து அப்பாவின் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கொத்தியது. எல்லோரும் சிரித்தோம். அதே பேனாவில்தான் அப்பா கையெழுத்துப் போட்டார்.

நாலு மாசம் பணம் வந்தது. பிறகு போனை எடுக்க ஆளில்லை. 2012 ஆகஸ்டில் பெருந்துறை சுசி ஈமு பண்ணை விவகாரம் வெடித்தது. ஈமு கம்பெனிகள் வரிசையாகச் சாய்ந்தன. நாங்கள் கட்டியது வேறு கம்பெனி. அதற்கும் பூட்டு! பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீனி போட வேண்டியதாயிற்று.

அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆவடி பக்கம் நைட் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். தங்கச்சி கல்யாணம் முடிகிறவரை, இரண்டு வருஷம்.

ஈமுவைப் பற்றி நான் படித்தது அதற்கப்புறம்தான். (பரீட்சை முடிந்தபின் புஸ்தகம் திறப்பது பழைய வழக்கம்!) ஆஸ்திரேலியப் பறவை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும். 1932-ல் கோதுமை வயலில் புகுந்த ஈமுக்களை விரட்ட ராணுவமே மெஷின் கன்னோடு போய், தோற்றுத் திரும்பியது. பெண் ஈமு கரும்பச்சை முட்டைகளைப் போட்டுவிட்டு அதன் பாட்டுக்குப் போய்விடும். அடைகாப்பது ஆண்தான் சார்! எட்டு வாரம் ஏறக்குறைய முழுப்பட்டினி. முட்டையைத் திருப்பி வைக்கத்தான் எழுந்திருக்கும். உடம்புக் கொழுப்புதான் சாப்பாடு. பொரித்தபின் மாசக்கணக்கில் குஞ்சுகளுக்குக் காவல். இதன் சொந்தக்காரன் காசோவரி, நியூகினி மழைக்காட்டுவாசி. உதைத்தால் கத்தி மாதிரி நகம் கிழித்துவிடும். அந்த முரடனும் ஐம்பது நாள் அடை உட்காருவான். ஒன்பது மாசம் குஞ்சுகளை மேய்ப்பான்.

போன மாசம் டி.வி.யில் ஓர் ஈமு அடைகாத்துக்கொண்டிருந்தது. அவசரமாக ரிமோட்டைத் தேடினேன்.

“இருடா” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் பார்த்தார். “பாவம். அதைக் காட்டி எவனோ பணம் வாங்கினா, அது என்ன பண்ணும்?”

“நான்தானேப்பா போடச் சொன்னேன்?” இத்தனை வருஷம் தொண்டையில் நின்றது ஒருவழியாக வெளியே வந்தது.

அப்பா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீ சொன்னே, நான் போட்டேன். வேணாம்னு பேனாவைப் பிடுங்கப் பார்த்தது அது ஒண்ணுதான்!”