கூவம் கரையில் எனக்கொரு தங்கச்சி

சென்ற மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். சந்தைப் பக்கமிருந்து வந்து களப்பில் விழுகிற எங்கள் வாய்க்காலின் படம். அதைத் துப்புரவாக்கி, இரண்டு கரையிலும் கண்டல் நட்டு, கம்பி வேலி அடித்து, மாலையில் பெண்கள் நடப்பதற்கு ஒரு பாதையும் போடுவதாக யோசனை. வாய்க்கால் நீல நிறத்திலும் கண்டல் பச்சை நிறத்திலும் வரையப்பட்டிருந்தன. கரையோரமாக ஒன்பது சிவப்புப் பெட்டிகளும் இருந்தன. அவை என்னவென்று கேட்டேன்.

“அதெல்லாம் அகற்ற வேண்டியவை அம்மா” என்றார் படம் கொண்டுவந்த தம்பி.

“குப்பை மேடுகளா?”

“இல்லை அம்மா, கொட்டில்கள்.”

நல்ல பிள்ளை அவர். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அதன் பிறகு கூட்டத்தில் கதைத்த எதுவும் என் காதில் விழவில்லை. சென்னையில், கூவம் ஆற்றங்கரையில் எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். கூடப்பிறந்தவள் அல்ல. அவளுடைய கொட்டிலுக்கும் ஒருநாள் இப்படித்தான் யாரோ சிவப்புப் பெட்டி போட்டிருப்பார்கள்.

நான் பிறந்தது புல்மோட்டையில். அப்பாவுக்கு இல்மனைற் ஆலையில் வேலை. மத்தியானத்தில் கறுப்பு மணலில் கால் வைத்தால் கொப்பளிக்கும். அப்படியும் ஓடித் திரிந்தோம். 1984 கடைசியில் தென்னமரவடி, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் என்று சுற்றிலும் இருந்த தமிழ்க் கிராமங்கள் வெறுமையானபோது நாங்களும் புறப்பட்டோம். கலியாணம், குழந்தை, 1990 இல் கணவர் காணாமல்போனது, அதே வருடம் படகில் மண்டபம், அங்கிருந்து சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி முகாம். ஊர்ப் பெயர்களை மாற்றினால் உங்களில் பலருடைய கதையும் இதுதான். ஆகவே அதை இங்கே விட்டுவிட்டு ஆற்றுக்கு வருகிறேன்.

முகாமிலிருந்து காலை ரயிலில் சென்னை சென்ட்ரலுக்கு வந்து, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு தையற்கடைக்கு நடந்து போவேன். வழியில் கூவத்தைக் கடக்க வேண்டும். முதல் நாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன். தார் போலக் கறுத்த தண்ணீர். அது ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. பாலத்தடியில் குடத்தோடு நின்ற ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒரு வாரம் மூக்கப் புடிச்சுக்கினு நடப்பே. அப்பால பழகிடும்க்கா.”

அவள்தான் தங்கச்சி. விடியப் புறத்தில் மீன் சந்தையில் மீன் ஆய்ந்து கொடுப்பாள். மத்தியானம் இரண்டு வீடுகளில் பாத்திரம் கழுவுவாள். ஆற்றோரத்தில் ஓலையும் தாரப்பாலும் போட்ட கொட்டில். பிந்திப்போய் ரயிலைத் தவறவிட்ட இரவுகளில் அங்கேதான் படுத்திருக்கிறேன். முகாமில் ‘செக்கிங்’ நாளுக்கு நான் நிற்க வேண்டும் என்பதை என்னைவிட அவள்தான் ஞாபகம் வைத்து எழுப்பிவிடுவாள்.

ஓர் ஆடி மாதத்தில் என்னைத் திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். அங்கேயும் பக்கத்தில் அதே கூவம்தான் போகிறது என்று அவள் சொன்னபோது நம்ப முடியவில்லை. பிறகுதான் விசாரித்து அறிந்தேன். சுமார் 72 கிலோமீற்றர் நீளமான ஆறு அது. திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. ஆற்றின் பெயர் அந்த ஊரின் பெயர்தான். அங்குள்ள திருவிற்கோலம் கோயிலைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். எங்கள் திருக்கோணமலையைப் பாடிய அதே சம்பந்தர்! ‘கூவம்’ என்றால் நாற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. அந்த ஆற்றில் குளித்துவிட்டுப் பச்சையப்ப முதலியார் கோயிலுக்குப் போனதாகச் சென்னையில் இன்றும் சொல்வார்கள். அப்படியான தண்ணீர் ஒருகாலத்தில் ஓடியிருக்கிறது.

பிறகு என்ன நடந்தது? மேலே வருகிற தண்ணீரை அணைகட்டி ஏரிகளுக்குத் திருப்பினார்கள். துறைமுகம் கட்டிய பின் கடலோரத்தில் மணல் சேர்ந்து ஆற்றின் வாய் அடைபட்டது. நடுவில் நகரம் வளர்ந்தது. மாடி வீடுகளிலும் கடைகளிலும் இருந்து மலக்கழிவு மழைநீர்க் கால்வாய்களுக்குள் கள்ளத்தனமாக இணைக்கப்பட்டு நேராக ஆற்றில் விழுந்தது. ஊற்றும் இல்லை, வாயும் இல்லை, கழிவு மட்டும் உண்டு என்றால் எந்த ஆறு பிழைக்கும்? 1970களின் தொடக்கத்தில் கூவத்தைச் சீராக்கிப் படகுகூட விட்டார்கள். அது நிலைக்கவில்லை.

செய்ய முடியாத வேலை என்று நான் சொல்லமாட்டேன். அடையாற்று முகத்துவாரத்தில் சேறும் இடிபாடுமாகக் கிடந்த 58 ஏக்கர் நிலத்தைத் தொல்காப்பியப் பூங்கா ஆக்கி 2011 இல் திறந்தார்கள். அங்கே கண்டல் முளைத்தது, பறவைகள் வந்தன. கூவத்துக்கும் நல்ல காலம் வரும் என்று தங்கச்சி நம்பினாள். எனக்கும் நம்பிக்கை இருந்தது. அந்த வருடம்தான் நான் ஊர் திரும்பினேன். மகள் அங்கேயே கலியாணம் முடித்து இருந்துவிட்டாள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தங்கச்சியின் கொட்டிலுக்குள் கழுத்தளவு தண்ணீர். உயிர் தப்பியதே பெரிய காரியம். சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை 600 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமொன்றைக் கூவத்துக்காகத் தயாரித்திருந்த காலம் அது. கழிவுநீரை மறித்துச் சுத்திகரிப்பது, குப்பையை அள்ளுவது, கரையில் வேலி, பூங்கா, நடைபாதை எல்லாம் அதில் இருந்தன. கரையில் வாழ்ந்த 14,000 க்கும் மேற்பட்ட குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்றுவதும் அதில் ஒரு பகுதி.

2017 கடைசியில் தங்கச்சி தொலைபேசியில் அழைத்தாள்.

“யக்கா, எங்க ஊட்டுச் செவுத்துல நம்பர் போட்டுட்டுப் போயிட்டாங்கோ.”

மறுபடி அவள் அழைத்தபோது பெரும்பாக்கத்தில் இருந்தாள். நகர மத்தியிலிருந்து தெற்கே இருபத்தைந்து கிலோமீற்றர் அளவு தூரம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பக்கம். எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். இவளுக்கு ஆறாம் மாடி கிடைத்திருந்தது.

2018 இல் மகளைப் பார்க்கப் போனபோது தேடிப் போய்ச் சந்தித்தேன். முதலில் அவள் எனக்குக் காட்டியது கழிவறையைத்தான். “கக்கூசு உள்ளாறவே இருக்குக்கா. கதவு இருக்கு, தாப்பா இருக்கு. ராத்திரியில பயந்துக்கினு எங்கேயும் போவ வேணாம்.” சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் குறைத்து எழுதக்கூடாது. முகாமில் இருளுக்காகக் காத்திருந்து வெளியே போன எங்களுக்கு அந்தத் தாழ்ப்பாளின் பெறுமதி தெரியும்.

அடுத்ததாக மீன் சந்தையைப் பற்றிக் கேட்டேன். அவள் பேசவில்லை. மீன் ஆய்கிறவர்கள் மூன்று, நான்கு மணிக்கே சந்தையில் நிற்க வேண்டும். கொட்டிலில் இருந்து நடந்தே போன வேலை அது. பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது வேறொருத்தி அவளுடைய இடத்தில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்திருப்பாள். பாத்திரம் கழுவிய வீடுகளும் கைவிட்டுப் போயின. பஸ்ஸுக்குக் கொடுத்தபின் மிஞ்சுவது என்ன? படிப்பு ஆண்டின் நடுவில் ஏற்றி இறக்கியதால் மகன் பாடசாலையை விட்டுவிட்டான். மின்தூக்கி வேலை செய்யாத நாளில் குடத்தோடு ஆறு மாடி ஏற வேண்டும். “அங்க ஆறு நாறிச்சுக்கா, ஆனா வயிறு காயல” என்றாள்.

திரும்பும் வழியில் அவளுடைய பழைய கரையை எட்டிப் பார்த்தேன். கொட்டில் இருந்த இடத்தில் கம்பி வேலி. உள்ளே இடித்த கல்லும் புல்லும். தண்ணீரோ நான் 1990களில் பார்த்த அதே கறுப்பு. கரையை வெறுமையாக்கி முடித்திருந்தார்கள். ஆற்றில் விழுகிற குழாய்கள் விழுந்தபடியே இருந்தன. குழாய்களை அடைப்பதற்கு மாடி வீட்டுக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டும், கொட்டில்காரரை லொறியில் ஏற்றினால் போதும். எது முதலில் நடக்கும் என்று யாரும் ஊகிக்கலாம்.

திருகோணமலையில் ஒரு பயிற்சிப் பட்டறையில் சிங்கப்பூர் ஆற்றைப் பற்றிப் படம் போட்டுக் காட்டினார்கள். 1977 இல் அந்நாட்டுப் பிரதமர் லீ குவான் யூ பத்து வருடத்தில் ஆறு சுத்தமாக வேண்டும் என்றார். 1987 இல் முடித்துவிட்டார்கள். அங்கேயும் 26,000 அளவு குடும்பங்கள் இடம்மாறின. ஏறக்குறைய 5,000 தெரு வியாபாரிகளுக்குத் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் உள்ள கூரைச் சந்தைகளில் கடை கொடுத்தார்கள். பன்றி, வாத்து வளர்த்தவர்கள் அந்த இடத்தைவிட்டுப் போகவேண்டியதாயிற்று. அவர்கள் எத்தனை பேர் மனம்நொந்தார்களோ, படத்தில் காட்டவில்லை. ஆனால் கழிவு எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு இடமாகத் தேடிப்போய் அதை நிறுத்தினார்கள் என்பதை நான் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்புக் கொப்பி இப்போது உதவியது.

கூட்டம் முடிந்த அடுத்த நாள் ராத்தாவிடம் போனேன். அந்த ஒன்பது பெட்டிகளில் ஒன்று அவளுடையது. களப்பில் றால் பிடித்து விற்கிறாள். கணவர் இல்லை, மூன்று பேரப்பிள்ளைகள் அவளோடு. 2009 இல் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் காயப்பட்டவர்கள் இந்தப் புல்மோட்டைக் கரையில் இறக்கப்பட்டதையும், இந்திய வைத்தியர்கள் இங்கே ஆஸ்பத்திரி போட்டதையும் பற்றி அவள் இன்றும் கதைப்பாள். நான் அப்போது இங்கே இல்லை. இதை வாசிப்பவர்களில் யாராவது அப்படி இறங்கியிருக்கலாம்.

படத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் வலையைத் தைத்துக்கொண்டே இருந்தாள்.

“புள்ள, குப்ப அள்ள நானும் வாறன். என்ட கொட்டிலயும் குப்பயெண்டு எழுதிராமப் பாத்துக்க.”

நானும் சங்கத்தில் இன்னும் மூன்று பேரும் ஒரு கொப்பியோடு வாய்க்காலின் மேல்முனையிலிருந்து களப்பு வரைக்கும் நடந்தோம். எங்கே என்ன விழுகிறது என்று எழுதிக்கொண்டே வந்தோம். கோழிக் கழிவு கட்டிய பொலித்தீன் பைகள், குழந்தைகளின் பம்பர்ஸ், சாப்பாட்டுக் கடையின் எண்ணெய்த் தண்ணீர். பிறகு வீடுகளின் பின்பக்கக் குழாய்கள். பதினொன்று எண்ணினோம். அதில் நாலாவது என் வீட்டுக் குளியலறையிலிருந்து வந்தது. வீடு கட்டியபோது மேசன் அப்படித்தான் விட்டார். நானும் தண்ணீர் போனால் சரி என்று இருந்துவிட்டேன். கூட வந்தவர்கள் என்னைப் பார்க்காமல் எழுதினார்கள். ஒன்பது கொட்டில்களிலிருந்தும் ஒரு குழாயும் வரவில்லை. குழாய்த் தண்ணீரே இல்லாத வீட்டில் கழிவுக் குழாய் எப்படி வரும்? மீன் செதிலும் சாம்பலும் வருகிறது, அதை மறைக்கவில்லை. கழிவறை இல்லாததால் பிள்ளைகள் கரையில் ஒதுங்குகிறார்கள், அதையும் எழுதினோம்.

அடுத்த கூட்டத்தில் கொப்பியை வாசித்தேன். என் குழாயிலிருந்து தொடங்கினேன். இல்லாவிட்டால் மற்றப் பத்துப் பேரும் எழும்பிப் போயிருப்பார்கள். ஒரு அக்கா கோபப்பட்டார். “கொட்டில் இருந்தா பாதை எப்படிப் போடுறது? நாலு பேர் வந்து பார்த்தா வடிவா இருக்க வேண்டாமா?” அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வடிவான ஒரு இடம் எங்களுக்கும் வேண்டும், எத்தனை வருடம் அவலத்தையே பார்த்துக்கொண்டிருப்பது? இரண்டு கொட்டில்கள் தண்ணீருக்கு மிக அருகில் இருக்கின்றன, மாரியில் உள்ளே வெள்ளம் ஏறும். நடந்து களப்புக்கு வரக்கூடிய தூரத்தில் காணி கிடைத்தால் அவர்களே போகத் தயார். இதை அவர்களையே கூட்டத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லவைத்தோம். எங்கள் சங்கக் கூட்டத்தில் கரைப் பெண்கள் கதிரையில் உட்கார்ந்தது அன்றுதான் முதல்தடவை.

மற்ற ஏழு கொட்டில்களின் பின்னால் பாதையை வளைக்க முடியுமா என்று படம் வரைந்த தம்பியிடம் கேட்டிருக்கிறோம். செலவு கூடும் என்றார். பார்த்துச் சொல்வதாகவும் சொன்னார். காணி விடயத்துக்கும் கழிவறைகளுக்கும் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. வேலி பற்றிச் சங்கத்துக்குள் இன்னும் ஒரு முடிவு இல்லை.

குழாய்களுக்கு முடிவு உண்டு. பதினொரு வீட்டுக்கும் ஊறல் குழி வெட்டுவது, முதல் குழி என் வளவில். வருகிற புதன்கிழமை தொடங்குகிறோம். இடுப்பளவு ஆழத்துக்கு மேல் இந்த மண் சரியும், பழைய ரயர்களை அடுக்கினால் நிற்கும் என்று ராத்தா சொன்னாள். ரயருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு மண்வெட்டி கொண்டு வருகிறாளாம்.