சிச்சி என்றால் அப்பா!

சேத்துப்பட்டு என்றதும் சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூருக்கு அடுத்த ரயில் நிலையம்தான் ஞாபகத்துக்கு வரும். நான் உங்களை அழைத்துப் போவது அங்கே அல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிப் பட்டு நெய்கிற வட்டாரத்தில் இன்னொரு சேத்துப்பட்டு இருக்கிறது. ஆரணியில் பஸ் ஏறி உட்கார்ந்தால் நெல் வயலும் ஏரிக்கரையும் ஜன்னலோடு கூடவே வரும். ஊரில் பிரெஞ்சுப் பாதிரிமார் காலத்து லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. என் காது தேடியதோ தறிச் சத்தத்தை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் போனது பட்டுப் புடவையைப் பற்றி எழுத. எழுதிக்கொண்டு திரும்பியதோ ஜப்பானியரைப் பற்றி! எப்படி என்று கேட்கிறீர்களா?

ஒரு நெசவாளர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். வீட்டுக்காரர் குழித்தறியில் இருந்தார். அவர் மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். மூலையில் ஆயா பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். (இந்தப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் அழைக்கிறார்கள்.) நாடா இங்கும் அங்கும் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல், "சிச்சி... ஹஹ... சிச்சி... ஹஹ" என்று மனப்பாடம் செய்தது.

"பாருங்க இந்த அநியாயத்தை!" என்று ஆயா என்னிடம் முறையிட்டார். "பெத்த அப்பனைச் சீச்சீங்குது. அம்மாளைப் பார்த்து ஹஹான்னு சிரிக்குது. இதுக்குப் பட்டணத்துலே பணம் கட்டிப் படிக்குது!"

பேத்தி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். இருபத்து மூன்று வயது, நர்ஸிங் படித்தவள். சென்னையில் தங்கி ஜப்பானிய மொழி கற்கிறாள். சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவாள். ஜப்பானில் இன்று நூற்றுக்குச் சுமார் 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ள அங்கே கைகள் போதவில்லை. வெளிநாட்டிலிருந்து தேர்ச்சி பெற்ற ஆட்களை எடுக்கும் திட்டம் ஒன்றில், 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் கையெழுத்திட்டன. முதியோர் பராமரிப்பும் அதில் அடக்கம். மொழித் தேர்வில் தேற வேண்டும். ஐந்து படிகள் உள்ள அந்தத் தேர்வில் கீழிருந்து இரண்டாவது படியையாவது எட்ட வேண்டும். அதற்குத்தான் இந்தச் 'சிச்சி'யும் 'ஹஹ'வும்.

தமிழுக்கு எளிது

"கஷ்டமான பாஷை ஆயிற்றே?" என்றேன்.

"எழுத்துதான் கஷ்டம். பேச்சு நம்ம மாதிரியேதான்" என்றாள் அந்தப் பெண்.

'நான் நேற்று கடையில் புடவை வாங்கினேன்' என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அதே வரிசையில் ஒவ்வொரு சொல்லாக மாற்றினாலே ஜப்பானிய வாக்கியம் ஆகிவிடுமாம். வினை கடைசியில்தான் வரும். ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்றே வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, சேத்துப்பட்டுப் பெண்ணுக்கு அது சௌகரியமாக இருக்கிறது.

பழக்கவழக்கமும் பாதி நம்முடையதுதான். செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கேயும் மகா பாவம். ஆனால் நம்மைப் போல் உதறிவிட்டுப் போகக் கூடாது. கழற்றிய செருப்பின் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். உள்ளே வேறு செருப்பு தருவார்கள். பாய் விரித்த அறைக்குள் அதுவும் ஆகாது. கழிப்பறைக்குத் தனியாக ஒரு ஜோடி. அதை மறந்துபோய்க் கூடத்துக்குப் போட்டு வந்துவிட்டால் மானம் போச்சு!

விருந்துக்குப் போனால் பரிசைக் காகிதம் சுற்றி, இரண்டு கையாலும் கொடுப்பார்கள். கொடுக்கும்போது, 'ஒன்றுமில்லாத பொருள்தான்' என்கிற பொருளில் ஒரு வார்த்தை. நாம் 'ஏதோ எங்களால் முடிந்தது' என்கிறோமே, அதேதான். நாம் 101 ரூபாய் மொய் எழுதுவதுபோல அவர்களுக்கும் எண் சாஸ்திரம் உண்டு. நான்கு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் ஒரே மாதிரி ஒலிப்பதால், நான்கு கிண்ணம், நான்கு தட்டு என்று பரிசு கொடுக்க மாட்டார்கள்.

'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்வதும் அங்கே நாகரிகம் இல்லை. "சோத்தோ..." என்று இழுப்பார்கள். 'கொஞ்சம்...' என்று அர்த்தம். இழுவையிலேயே புரிந்துகொள்ள வேண்டும். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "பார்க்கலாம், சொல்லி அனுப்புகிறோம்" என்றால் நமக்குப் புரியாதா, என்ன?

தடுக்கி விழும் இடங்கள்

இவ்வளவு ஒத்துப் போகிறதே என்று அசந்தால்தான் ஆபத்து. அந்தச் 'சிச்சி'யையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியாரிடம் பேசும்போது, "எங்க அப்பா வந்திருக்காங்க" என்று நம் வீட்டுப் பெரியவர்களை உயர்த்திச் சொல்வதுதான் நமக்கு மரியாதை. ஜப்பானில் தலைகீழ்! பிறரிடம் பேசுகையில் தன் குடும்பத்தைத் தாழ்த்தியே சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவை 'ஒதோஸான்' என்று உயர்த்துவேன். என் அப்பாவை உங்களிடம் வெறும் 'சிச்சி' என்பேன். என் அம்மா வெறும் 'ஹஹ'. வீட்டுக்குள் அப்பாவை நேரே கூப்பிடும்போது மட்டும் அவர் மறுபடி 'ஒதோஸான்' ஆகிவிடுவார்.

"அப்போ வூட்டுலே மரியாதையாத்தான் கூப்பிடுவாங்களா?" என்று ஆயா கேட்டார்.

"ஆமா, ஆயா."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று ஆயா சமாதானம் ஆனார். அடுத்த விஷயத்தில் மீண்டும் கோபம் வந்துவிட்டது.

நாம் வயதான எவரையும் 'பாட்டி', 'தாத்தா' என்று உறவு சொல்லி அழைப்போம். பேர் சொன்னால்தான் குற்றம். அங்கே முதியோர் இல்லத்தில் இருப்பவரைப் 'பாட்டி' என்று கூப்பிடுவது அவரைக் குறைத்து நடத்துவதாகும் என்று சொல்லித் தருகிறார்கள். குடும்பப் பெயரைச் சொல்லி, கூடவே 'ஸான்' சேர்க்க வேண்டும்.

"பெரியவங்களைப் பேர் சொல்லியா கூப்பிடுவே?" ஆயாவால் அதை ஜீரணிக்கவே முடியவில்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். இடது கை பட்டால் அங்கே தப்பில்லை. ஆனால் சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளை நட்டு நிறுத்தி வைத்துவிடாதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் முறை அது. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குப் பண்டத்தை மாற்றுவதும் கூடாது. தகனம் ஆன பிறகு எலும்பைக் குச்சியால் எடுத்து அப்படித்தான் கை மாற்றுவார்கள். குளியலிலும் ஒரு விதி. தொட்டி வெந்நீர் உடம்பை ஊற வைப்பதற்கு மட்டுமே. வெளியே சோப்புப் போட்டு, அலசிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அதே தண்ணீரில் இறங்குவார்கள்.

இதுவரை வாய் திறக்காத வீட்டுக்காரர், "அவங்க புடவை எப்படி?" என்று கேட்டார். தொழில்காரர் கேட்க வேண்டிய கேள்விதானே! கிமோனோவுக்கான பட்டுத்துணி சுமார் 12 மீட்டர் நீளம், அகலமோ ஒரு முழத்துக்கும் குறைவு. நம் புடவை நீளத்தில் இரண்டு பங்குக்கும் மேல்! கட்டும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே போட்டால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. "ஒரு மடிப்புலே இவ்வளவு இருக்கா!" என்று அவர் தலையாட்டினார்.

அவர் தலைக்கு மேல் இருந்த ஜக்கார்டு பெட்டியைப் பார்த்ததும் எனக்கு ஒன்று நினைவு வந்தது. கியோத்தோ நகரத்தின் நிஷிஜின் பகுதி பட்டு நெசவுக்குப் பேர்போனது. நலிந்து கிடந்த தொழிலைத் தூக்கி நிறுத்த, 1872-ல் அங்கிருந்து மூன்று பேரைப் பிரான்சின் லியோன் நகரத்துக்கு அனுப்பினார்கள். இதே ஜக்கார்டு வேலையைக் கற்கத்தான். பாஷை தெரியாத தேசத்தில் கற்றுக்கொண்டு வந்தார்கள். "வெளியூர் போய்த்தான் அவங்க தொழிலும் பிழைச்சுதா?" என்றார் வீட்டுக்காரர். அந்த மூவரில் ஒருவர் திரும்பி வரும் வழியில், 1874-ல் கப்பல் மூழ்கி இறந்துபோனார். அதை அந்த வீட்டில் நான் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆயாவின் கேள்வி

அந்த அம்மாள் ராட்டையை நிறுத்தாமலே பேசினார். "இவளுக்குத் தறியிலே உட்காரவும் தெரியும். உட்கார்ந்தா நாலு பேருக்குச் சோறு வரணுமே! அதான் போகட்டும்னு விட்டோம்."

இந்தத் திட்டத்தில் போனால் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் இருக்கலாம். வீட்டாரைக் கூட அழைத்துப்போக அனுமதி இல்லை. விடுமுறைக்கு வந்து போகலாம். ஆயா பாக்கு உரலைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அந்த ஊர்க் கிழவிங்களைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பாஷை பேசிப் பார்த்துக்கப் போகுது. நல்லதுதான், புண்ணியம். என்னை யாரு பார்ப்பாங்க?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் பேத்திதான் ஆயாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஆயாவின் காலைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே, "ஆயா, வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவங்க என்ன சொல்லுவாங்க, தெரியுமா?" என்றாள்.

"என்னா சொல்லுவாங்க?"

"'இத்தெ கிமாஸ்'னு சொல்லுவாங்க. 'இத்தெ'ன்னா போயி, 'கிமாஸ்'னா வரேன். போயிட்டு வரேன்!"

வீட்டில் இருப்பவர்கள் அதற்கு, "இத்தெராஷ்ஷாய்" என்று பதில் சொல்ல வேண்டும். போய்விட்டு வா என்று அர்த்தம். 'போகிறேன்' என்று சொல்லி வாசற்படி தாண்டக் கூடாது என்று நம் வீட்டில் நமக்கு எத்தனை தடவை சொல்லித் தந்திருக்கிறார்கள்! கடல் கடந்த ஒரு தேசத்திலும் தினம் காலையில் பள்ளிக்கூடம் போகிற குழந்தை அதையேதான் சொல்கிறது.

ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ அவங்களும் நம்ம ஜனங்கதான்" என்றார்.

மாலை பஸ்ஸுக்கு அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்தே கிளம்பினோம். அவள் வாசலில் நின்று குனிந்து, "இத்தெ கிமாஸ்" என்றாள். ஆயாவுக்கு அந்தப் பதில் நாக்கில் வரவில்லை. "போயிட்டு வா, கண்ணு" என்று தமிழிலேயே சொன்னார். அம்மாள் ஒரு பொட்டலம் முறுக்கைப் பையில் திணித்தார்.

நானும் கை கூப்பி, "வருகிறேன், ஆயா" என்றேன்.

"எல்லாரும் வரேன் வரேன்னுதான் சொல்லிட்டுப் போறீங்க" என்றார் ஆயா. "எப்போ வருவீங்க?"

பேத்தி தன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அது வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.