காந்தம் ஏற்றும் பெரியவர்

லிவர்பூல் நகரத்துப் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ பொம்மைத் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டுவிட்டதாயினும், 1938 முதல் அங்கே உருவான ‘ஹார்ன்பி டப்ளோ’ என்ற சிற்றுருவ ரயில் எஞ்சின்கள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன என்றும், அவற்றைப் பழுது பார்ப்பதையே ஜீவனமாகக் கொண்ட பெரியவர் ஒருவர் அவ்வூரிலேயே வசிக்கிறார் என்றும் நண்பர் ஒருவர் சொல்லி, அறிமுகக் கடிதமும் கொடுத்தனுப்பியதன் பேரில் அவருடைய பட்டறைக்குப் போயிருந்தேன். மெக்கானோவை ஸ்தாபித்த பிராங்க் ஹார்ன்பி 1936-இலேயே காலமாகிவிட்டதால், தம் பெயரைத் தாங்கிய இந்த எஞ்சின்களை அவர் கண்ணால் கண்டதில்லை.

அன்று மேஜைக்கு வந்திருந்தது ‘டச்சஸ் ஆஃப் அதால்’ என்ற எஞ்சின். பெரியவர் அதை மூன்று தண்டவாளப் பாதையில் வைத்து மின்சாரத்தைக் கொடுத்ததும் தனியே வெறிகொண்டதுபோல் ஓடிற்று. இரண்டு பெட்டிகளைக் கோத்தவுடன் திணறி நின்று சூடேறிவிட்டது. காந்தம் க்ஷீணித்தால் வேகம் ஏறும், இழுவை போய்விடும், மோட்டார் மின்சாரத்தை அளவுக்கு மீறிக் குடிக்கும் என்று விளக்கினார்.

ஆனாலும் உடனே காந்தத்தில் கை வைக்கவில்லை. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைச் செலுத்தும் கம்யூட்டேட்டரின் மூன்று செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள மயிரிழைப் பள்ளங்களில் கரித்தூளும் பழைய எண்ணெயும் சேர்ந்து இறுகியிருந்ததைப் பல்குத்தும் குச்சியின் கூர்முனையால், செம்பில் ஒரு கீறல்கூட விழாமல் சுரண்டி எடுத்தார். பிறகு அச்சுமுனைக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். அளவுக்கு மிஞ்சிய எண்ணெயால் கெட்ட எஞ்சின்களே தம்மிடம் அதிகம் வருவதாகச் சொன்னார்.

என் கவனத்தையெல்லாம் கவர்ந்தது காந்தம் ஏற்றும் கருவிதான். தடித்த செப்புக் கம்பி சுற்றிய இரண்டு இரும்புத் தூண்கள். அவற்றின் நடுவே மோட்டாரைப் பிரிக்காமல், திசை பார்த்து வைத்து, விசையை ஒரு கணம் தட்டினார். ‘டொக்’ என்று ஒரு சப்தம். அவ்வளவுதான்! மறுபடி பாதையில் ஏறிய எஞ்சின் நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, ராஜ கம்பீரமாக, நிதானமாகச் சுற்றி வந்தது.

அவராலும் தீர்க்க முடியாத வியாதி ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வார்ப்புகளில் துத்தநாகக் கலவையோடு ஈயம் சிறிது கலந்துவிட்டால், வருஷங்கள் செல்லச் செல்ல உலோகம் உப்பி, வெடித்து, விரல் பட்டால் உதிர்ந்துவிடும். அப்படி உதிர்ந்த சட்டங்களை ஒரு தகரடப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

இந்தப் பழைய எஞ்சின்களை வாங்கி விற்கும் வியாபாரிகளைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் குரல் உயர்ந்தது. இரண்டு எஞ்சின்களைப் பிரித்து ஒன்றாக்கி ‘அசல்’ என்று விற்பவர்களையும், ஓடக் கூடியதை ஓடவிடாமல் பெட்டிக்குள் பூட்டி விலை ஏறக் காத்திருப்பவர்களையும் அவர் வெறுக்கிறார், நானும் வெறுக்கிறேன். ஓடுவதற்காகவே வார்த்து, கடைந்து, கழற்றிப் பழுது பார்க்கும்படி திருகாணி வைத்துக் கொடுத்த தொழிலாளர்களுக்கு இதைவிட அவமரியாதை வேறில்லை. இறந்தவர்களின் வீட்டிலிருந்து அடிமாட்டு விலைக்கு எஞ்சினை வாங்கி, இவர் கையால் உயிர் கொடுத்து, கொள்ளை லாபத்துக்கு விற்கும் வியாபாரி, இவருக்குத் தருவது ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் காணாத கூலி. அந்த எஞ்சின் வந்த காலி அட்டைப்பெட்டிக்குக்கூடச் சந்தையில் அதைவிட அதிக விலை கிடைக்கிறது. இது சுத்த அநியாயம்.