மாறாத ஒரு முகம்

செங்கல்பட்டு அருகே உள்ள அந்தக் குழந்தைகள் இல்லத்தில் நுழைந்ததுமே, மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து என் கால்களைக் கட்டிக்கொண்டாள். நெகிழ்ந்துபோனேன். “முன்பின் தெரியாத எல்லார்கிட்டயும் இப்படித்தாங்க ஒட்டிக்கிறா. நிலையா ஒருத்தர் கிடைக்காத குழந்தைங்க பல பேர் இப்படி இருப்பாங்க” என்றார் கவுன்சலர்.

மழலையர் அறைக்குப் போனோம். முன்பு ஷிஃப்டுக்கு ஒருவராக ஆயாக்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். இப்போது நான்கு குழந்தைகளுக்கு ஒரு ‘அக்கா’. குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர்தான். நாங்கள் நிற்கும்போதே ஒரு பையன் தடுக்கி விழுந்தான். எங்களைத் தாண்டி நேராக அவரிடம் ஓடினான். “விழுந்துட்டியாடா கண்ணு? பயந்துட்டியா?” என்று தூக்கிக்கொண்டார். அழுகை அடங்கியதும் இறங்கி விளையாடப் போய்விட்டான்.

“சிகிச்சைங்கிறது இதுதாங்க” என்றார் கவுன்சலர். பயந்தால் ஓடிப்போக ஓர் ஆள் இருக்கிறார் என்று குழந்தை நம்பவேண்டும். அந்த நம்பிக்கையில்தான் உலகை ஆராயத் துணியும். தாயன்பை இழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் ஜான் பௌல்பி எழுதிய அறிக்கையிலிருந்து வளர்ந்த சிந்தனை இது.

விளையாட்டு அறையில் குழந்தை தேர்ந்தெடுக்கும் விளையாட்டில் அக்கா சேர்ந்துகொள்கிறார், பாடம் நடத்துவதில்லை. விடுப்பில் போகும்போது தூங்கும் குழந்தையை விட்டு நழுவிப் போகக் கூடாது என்பது இங்கே விதி. திரும்பிவரும் நாளைக் காலண்டரில் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்.

எவ்வளவு நல்ல இல்லமும் குடும்பத்துக்கு ஈடாகாது. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் பிணைப்பு நன்றாக வேர்விட்டது. நம் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின் மாதம் 4,000 ரூபாய் உதவி, தகப்பனை இழந்த பிள்ளை தாயிடமே வளர வழிசெய்யும். இதை எத்தனை தாய்மார்கள் அறிவார்கள்?

பிறந்தநாளுக்கு இல்லத்தில் பிரியாணி போட்டு, ஒரு மணி நேரம் குழந்தைகளைக் கொஞ்சிவிட்டு வருகிறோம். நல்ல மனம்தான். ஆனால் அந்தப் பணம் அக்காக்களின் சம்பளத்துக்குப் போகட்டும். கட்டுப்படியாகாமல் ஓர் அக்கா வேலையை விட்டால், நான்கு குழந்தைகள் மறுபடியும் ஒரு தாயை இழக்கிறார்கள்.